ஹிஸ்டரி எடுத்தீங்களா டாக்டர்?

இது கொஞ்சம் நீளமான இழை. நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படிங்க.

போன வாரம் அக்கா போன் பண்ணினாள். எடுத்தவுடனே கோபம்.

"உன் மருமக பத்தாவதுல நல்ல மார்க் வாங்கிட்டு, ப்ளஸ் ஒன்ல ஹிஸ்டரி குரூப்தான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. நீ டாக்டர், நீ சொன்னா கேப்பா. வரலாறு படிச்சா சோறு போடுமான்னு கேளு."

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து பேசுறேன்னு சொல்லி வச்சுட்டேன்.

ஆனா அவகிட்ட பேசறதுக்கு முன்னாடி எனக்கு நானே பேச வேண்டியிருந்தது. ஏன்னா, பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் பரீட்சை முடிந்த அன்றைக்கே வரலாற்றுப் புத்தகத்தை எடைக்குப் போட்டவன் நான்.

1526, 1556, 1761. மூன்று பானிபட் போர்கள். யார் யாரோடு மோதினார்கள், எதற்காக மோதினார்கள், எதுவும் மண்டையில் நிற்கவில்லை. வருஷம் மட்டும் நின்றது. இதைத் தெரிஞ்சு நான் யாரைக் காப்பாத்தப் போறேன்னு அப்போது நினைத்தேன்.

அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்தது ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன். அதில் நான் செய்த தவறும் இருக்கிறது.

2009. எம்பிபிஎஸ் முடித்துவிட்டு, சிவகங்கைச் சீமையில் ஒரு கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை. படித்து முடித்த சூடு இன்னும் ஆறவில்லை. எல்லாம் தெரியும் என்கிற வயசு.

ஒரு காலையில் ஒன்றரை வயசுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மாவும் அப்பத்தாவும் ஓடி வந்தார்கள். முந்தின நாள் காலையிலிருந்து வயித்தால போகுது. கண் உள்ளே போயிருந்தது. நாக்கு காய்ந்திருந்தது. அழுகிறான், கண்ணீர் வரவில்லை. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு அப்படியே நின்று மெதுவாகத்தான் இறங்கியது.

"கடைசியா எப்பம்மா ஒண்ணுக்குப் போனான்?"

"நேத்து ராத்திரி சார்."

"குடிக்க என்ன குடுத்தீங்க?"

அந்தப் பொண்ணு மாமியாரைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "ஒண்ணும் குடுக்கல சார். அங்கன்வாடில குடுத்த ஓஆர்எஸ் பாக்கெட் வீட்டுல இருக்கு. அத்தை குடுக்க விடல. தண்ணி குடுத்தா இன்னும் போகும்னு சொல்லிட்டாக" என்றாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. கை ஒரு பக்கம் நரம்பு தேடிக்கொண்டிருக்கிறது, வாய் இன்னொரு பக்கம் அந்த அப்பத்தாவைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. ஓபி வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி கத்தினேன்.

"புள்ளையக் கொல்லப் பாத்தீங்களா?"

அப்பத்தா ஒரு வார்த்தை பேசவில்லை. வெளியே போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டார்.

ரிங்கர் லாக்டேட் ஏறியது. பிறகு ஓஆர்எஸ், தாய்ப்பால். சாயங்காலம் பையன் ஒண்ணுக்குப் போனான். அம்மாவின் முகத்தில் உயிர் வந்தது. அன்றைக்கு ராத்திரி நான் நிம்மதியாகத் தூங்கினேன். ஒரு உயிரைக் காப்பாற்றிவிட்டேன், ஒரு மூடநம்பிக்கையையும் கண்டித்துவிட்டேன். டபுள் சந்தோஷம்.

மறுநாள் எங்கள் மருந்தாளுநர் அண்ணன் மாத்திரை எண்ணிக்கொண்டே பேச்சை எடுத்தார். ரிட்டயர் ஆக இன்னும் சில மாதங்கள்தான் அவருக்கு.

"சார், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்கண்ணே."

"நான் 1974ல வேலைக்குச் சேந்தேன் சார். அப்ப நாங்களே அப்படித்தான் சொல்லி அனுப்புவோம். வயித்துக்கு ஓய்வு குடுங்க, ஒரு நாளைக்குப் பாலு கீலு ஒண்ணும் வேண்டாம், தண்ணியும் நாக்க நனைக்க மட்டும்னு. டாக்டர் சொல்வாரு. சீட்ட வாங்கி மருந்து குடுக்கறப்ப நானும் சொல்வேன். அந்தம்மா இதக் கனவுலயா கண்டுபிடிச்சாங்க?"

நான் நம்பவில்லை. கிராமத்துப் பாட்டிகள் சொல்வது வேறு, மருத்துவம் சொல்வது வேறு என்றுதான் எனக்குத் தெரியும். ஆனாலும் மனசு உறுத்தியது. அன்றைக்கு நைட் குவார்ட்டர்ஸில் உட்கார்ந்து, ஆமை வேக இண்டர்நெட்டில் தேட ஆரம்பித்தேன்.

நண்பர்களே, அந்த ராத்திரிதான் நான் வரலாறு படிக்க ஆரம்பித்த ராத்திரி. படித்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

1817ல் வங்காளத்தில் பெரிதாகக் கிளம்பிய காலரா, அலை அலையாகப் பரவி 1831ல் இங்கிலாந்தின் சண்டர்லாந்து துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. காலையில் நன்றாக இருந்த ஆள் ராத்திரி இல்லை. உடம்பில் இருக்கிற தண்ணீரெல்லாம் வாந்தியாகவும் பேதியாகவும் வெளியேறிவிடும்.

அதற்கு அன்றைய பெரிய டாக்டர்கள் என்ன வைத்தியம் செய்தார்கள் தெரியுமா?

நரம்பைக் கீறி ரத்தத்தை வெளியேற்றினார்கள். கலோமெல் என்கிற பாதரச உப்பைக் கொடுத்தார்கள். அது பேதி மருந்து! பேதியில் சாகிறவனுக்குப் பேதி மருந்து. தாகத்தில் தண்ணீர் கேட்டுக் கெஞ்சிய நோயாளிகளுக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று சொன்ன டாக்டர்களும் நிறைய.

இவர்கள் முட்டாள்கள் இல்லை. அன்றைக்கு ஐரோப்பாவில் மெத்தப் படித்தவர்கள்.

அந்தக் கூட்டத்தில் வில்லியம் ப்ரூக் ஓ'ஷாக்னஸி என்று ஒரு 22 வயசுப் பையன். அயர்லாந்துக்காரர். சண்டர்லாந்துக்குப் போய்க் காலரா நோயாளிகளின் ரத்தத்தைப் பரிசோதித்தார். ரத்தத்தில் தண்ணீரும் உப்பும் குறைந்துபோயிருக்கிறது, அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று எழுதினார். (பிற்பாடு இதே ஆள் கல்கத்தா வந்து, இந்தியாவில் தந்திக் கம்பி போட்ட கதை தனி.)

அதைப் படித்துவிட்டு, ஸ்காட்லாந்தின் லீத் ஊர் டாக்டர் தாமஸ் லாட்டா 1832ல் துணிந்து ஒரு காரியம் செய்தார். கிட்டத்தட்ட இறந்துவிட்ட ஒரு வயதான அம்மாவின் நரம்பில் உப்புக் கரைசலை ஏற்றினார். உலகத்தின் ஆரம்பகால "ட்ரிப்ஸ்"களில் ஒன்று அது. அந்த அம்மா கண் திறந்தார், பேசினார். இனி பயமில்லை என்று லாட்டா வேறொரு டாக்டரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். பேதி திரும்பவும் ஆரம்பித்தது. மறுபடி கரைசல் ஏற்ற யாரும் இல்லை. சில மணி நேரத்தில் அவர் இறந்துபோனார். திரும்பவும் ஏற்றியிருந்தால் பிழைத்திருப்பார் என்று லாட்டாவே எழுதி வைத்திருக்கிறார்.

அடுத்த வருஷமே லாட்டாவும் இறந்துவிட்டார். கிருமி நீக்காத தண்ணீர், சாகக் கிடப்பவர்களுக்கு மட்டுமே கொடுத்தது, தொடர்ந்து கொடுக்காதது என்று பல காரணங்களால் பெரும்பாலான நோயாளிகள் பிழைக்கவில்லை. "இது வேலைக்கு ஆகாது" என்று மருத்துவ உலகம் அதை மூட்டை கட்டி வைத்தது. 1900களின் தொடக்கத்தில் கல்கத்தாவில் லியோனார்ட் ராஜர்ஸ் திரும்பவும் எடுத்துச் செய்துகாட்டும் வரைக்கும் அந்த மூட்டையை அநேகமாக யாரும் பிரிக்கவில்லை.

சரி, நரம்பு வழியாகக் கொடுக்கலாம் என்று ஆகிவிட்டது. வாய் வழியாக?

அங்கேதான் நம் அப்பத்தா வருகிறார்.

20ஆம் நூற்றாண்டிலும் வயிற்றுப்போக்குள்ள குழந்தைகளுக்குப் பெரிய ஆஸ்பத்திரிகளில் சொல்லிக்கொடுக்கப்பட்ட பாடம், "குடலுக்கு ஓய்வு". கால் உடைந்தால் நடக்காதே என்கிறோம் இல்லையா? அதே மாதிரி, குடல் கெட்டிருந்தால் அதற்கு வேலை கொடுக்காதே. பட்டினி போடு.

கேட்கவே எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள்! எனக்கு அதுதான் திகிலாக இருந்தது. தப்பான விஷயம் எதுவும் "நான் தப்பு" என்று போர்டு மாட்டிக்கொண்டு வருவதில்லை. நல்ல லாஜிக்கோடு, வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டுதான் வருகிறது.

1948லேயே ஒரு ஆய்வு வந்துவிட்டது. வயிற்றுப்போக்கு உள்ள குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு ஆரம்பத்திலிருந்தே ஆகாரம் கொடுத்தார்கள், இன்னொரு பகுதியினரைப் பட்டினி போட்டார்கள். ஆகாரம் கொடுத்ததால் குழந்தைகள் குணமாவது தாமதம் ஆகவில்லை. ஆனால் பாடப்புத்தகங்கள் சட்டென்று மாறவில்லை.

1953ல் கல்கத்தா டாக்டர் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி, உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரை வாய் வழியாகக் கொடுத்து 186 காலரா நோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்ததை லான்செட் இதழில் எழுதினார். பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை.

1960ல் ராபர்ட் கிரேன் என்கிற விஞ்ஞானி, குடலில் குளுக்கோஸும் சோடியமும் ஒன்றாகக் கைகோத்துத்தான் உள்ளே போகின்றன என்று விளக்கினார். அவை போனால் பின்னாலேயே தண்ணீரும் போகும். காலராவில்கூட இந்தக் கதவு அடைபடுவதில்லை. அதனால்தான் வெறும் தண்ணீரோ வெறும் உப்போ பத்தாது, உப்பும் சர்க்கரையும் சேர்ந்து வேண்டும். 1968ல் டாக்காவில் டேவிட் நலினும் ரிச்சர்ட் கேஷும் முறையாக ஆய்வு செய்து இதை நிரூபித்தார்கள்.

அப்புறம் 1971. வங்கதேச விடுதலைப் போர். சுமார் ஒரு கோடி அகதிகள் இந்தியாவுக்குள் வந்தார்கள். எல்லை ஊரான பன்காவ்னில் காலரா. மருத்துவமனைத் தரை முழுக்க நோயாளிகள். நரம்பில் ஏற்ற வேண்டிய சலைன் பாட்டில்கள் தீர்ந்துகொண்டிருந்தன. அங்கே இருந்த டாக்டர் திலீப் மஹலனாபிஸ், வேறு வழியில்லாமல், ஒரு லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சாப்பாட்டு உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்று பொட்டலம் கட்டச் சொன்னார். பெரிய டிரம்களில் கரைத்து வைத்தார்கள். குடும்பத்துக்காரர்களே பிடித்துப் பிடித்து நோயாளிக்குக் கொடுத்தார்கள்.

வாயில் கொடுப்பது மட்டமான வைத்தியம் என்று ஜனங்கள் நினைத்தார்கள். அதனால் அதற்கு "ஓரல் சலைன்" என்று பேர் வைத்தார்கள். நம் ஊரில் "ஒரு குளுக்கோஸ் ஏத்திவிடுங்க சார்" என்று கேட்கிற அதே மனசு!

அந்த மாதிரி முகாம்களில் 100க்கு 30 பேர் வரை செத்துக்கொண்டிருந்தார்கள். கரைசல் கொடுத்த இடத்தில் அது 100க்கு 4 பேருக்கும் கீழே வந்தது.

1978ல் லான்செட் இதழின் தலையங்கம், இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இது இருக்கக்கூடும் என்று எழுதியது. உப்பு, சர்க்கரை, தண்ணீர். மஹலனாபிஸ் 2022ல் காலமானார். அடுத்த வருஷம் பத்ம விபூஷண் அவர் பேருக்கு வந்தது.

லாட்டாவிலிருந்து பன்காவ்ன் வரை 139 வருஷம். இதைப் படித்து முடித்தபோது விடியற்காலம் மூன்று மணி. எனக்கு வெட்கமாக இருந்தது.

அப்பத்தா செய்தது மூடநம்பிக்கை இல்லை. என் தொழில்தான் அவருக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது. நாங்கள் புத்தகத்தின் அடுத்த பதிப்புக்கு மாறிவிட்டோம். அப்பத்தாவுக்கு அடுத்த பதிப்பை யாரும் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. பழைய பதிப்பை ஒழுங்காக மனப்பாடம் செய்து வைத்திருந்ததற்குத்தான் நான் அவரைத் திட்டினேன்.

கதை இதோடு முடியவில்லை.

அந்த அப்பத்தா சர்க்கரை நோயாளி. மாசா மாசம் மாத்திரை வாங்க வருகிறவர். அன்றைக்குப் பிறகு வரவில்லை. நானும் கவனிக்கவில்லை. ஓபியில் தினமும் அவ்வளவு கூட்டம்.

எட்டு மாசம் கழித்து வந்தார், காலில் துணி சுற்றிக்கொண்டு. பிரித்தால் இரண்டு விரல் கறுத்திருந்தது. முள் குத்தி ஒரு மாசம் ஆகிறது என்றார்.

"ஏன் அப்பத்தா இவ்வளவு நாளா வரல?"

"நீங்க வைவீகன்னுதான் சார் வரல."

அந்த இரண்டு விரல்களையும் பிறகு மாவட்ட மருத்துவமனையில் எடுக்க வேண்டியதாகிவிட்டது. சர்க்கரை வியாதிதான் காரணம் என்று கேஸ் ஷீட்டில் எழுதலாம். என் வாயும் ஒரு காரணம். அதை எழுதுவதற்குக் கேஸ் ஷீட்டில் இடம் கிடையாது.

108 வர நேரம் இருந்தது. புண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டேன்.

"அப்பத்தா, அன்னிக்குப் பேரனுக்குத் தண்ணி குடுக்கக் கூடாதுன்னு சொன்னீங்கல்ல, அத உங்களுக்கு யாரு சொன்னா?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்.

"மூத்தவன் ஒருத்தன் இருந்தான் சார். ரெண்டு வயசு. அண்ணா செத்து ரெண்டு வருசம் இருக்கும். பேதியாயிருச்சு. வண்டி கட்டி டவுனு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். ஊசி போட்டாக. ஒரு நாளைக்குப் பச்சத்தண்ணி குடுக்கப்படாதுன்னு சொல்லி விட்டாக. ராத்திரி பூரா தண்ணி தண்ணின்னு அழுதான். எல்லாரும் ஒறங்கினப்புறம், அவுக அய்யாவுக்குத் தெரியாம ரெண்டு சங்கு தண்ணி குடுத்தேன் சார். விடியக்காலம் போய்ட்டான்."

நான் துடைப்பதை நிறுத்திவிட்டேன்.

"நான் குடுத்த தண்ணியிலதான் போய்ட்டான்னு இன்னிக்கு வரைக்கும் யாருகிட்டயும் சொன்னதில்ல."

அப்படிப்பட்ட மனுஷியிடம்தான், ஊர் முன்னால், "புள்ளையக் கொல்லப் பாத்தீங்களா" என்று நான் கேட்டிருக்கிறேன்.

அறிஞர் அண்ணா மறைந்தது 1969 பிப்ரவரியில். கூட இரண்டு வருஷம். 1971.

ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் முன்னால் உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்த அத்தனையையும் அவருக்குப் புரிகிற பாஷையில் சொன்னேன். அந்தக் காலத்தில் டாக்டர்களுக்கே தப்பாகத்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள் என்பதை. அதே வருஷம் வங்காளத்தில் ஆயிரக்கணக்கான பேரைக் குடிக்கக் கொடுத்தே பிழைக்க வைத்தார்கள் என்பதை.

"நீங்க குடுத்த தண்ணி அவனக் கொல்லல அப்பத்தா. அவனுக்கு அது பத்தல, அவ்வளவுதான். இன்னும் நிறைய வேண்டியிருந்துச்சு, உப்போட, சர்க்கரையோட. அது உங்களுக்குத் தெரிய வழியில்ல. உங்களுக்குச் சொன்ன டாக்டருக்கும் தெரியல. அன்னிக்கு ராத்திரி அந்தப் புள்ளைக்கு வேண்டியதக் குடுக்கப் பாத்தது நீங்க ஒருத்தர்தான்."

"நெசமாவா சார்?"

"நெசமா."

முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். ரொம்ப நேரம் எடுக்கவே இல்லை. நான் அன்றைக்குத் திட்டியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அது அவர் காதில் விழுந்ததா என்றுகூடத் தெரியாது.

108 சத்தம் கேட்டதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "அந்தப் பாக்கெட்ட எப்படி சார் கரைக்கணும்?"

நண்பர்களே, என் மருந்து அலமாரியில் அந்த அம்மாவின் அந்த வலிக்கு ஒரு மாத்திரையும் இல்லை. என் கையில் இருந்தது 1832, 1948, 1953, 1971 என்று சில வருஷங்கள்தான். பானிபட் மாதிரியே வருஷங்கள். இந்த முறை யார் யாருக்காக எதைச் செய்தார்கள் என்பதும் தெரிந்திருந்தது. அதனால் சுமார் 40 வருஷமாக ஒரு தாய் தூக்கிச் சுமந்த பழியைக் கொஞ்சம் இறக்கி வைக்க முடிந்தது.

இதைப் படிக்கும் சிலருக்கு இப்படித் தோன்றும்: "பாத்தீங்களா, டாக்டர்கள் சொல்வதெல்லாம் தப்பு. இன்னைக்குத் தடுப்பூசி போடச் சொல்றதும் அப்படித்தான்."

ஒரு நிமிஷம். அது பாதி வரலாறு படித்தவர்கள் வருகிற முடிவு. மீதியையும் படியுங்கள். தப்பைக் கண்டுபிடித்தது யார்? ஓ'ஷாக்னஸி, சட்டர்ஜி, நலின், மஹலனாபிஸ், எல்லோரும் டாக்டர்கள்தான். பரிசோதனை செய்து, எத்தனை பேர் பிழைத்தார்கள், எத்தனை பேர் போனார்கள் என்று எண்ணிப் பார்த்துத்தான் திருத்தினார்கள். வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு செய்து திருத்தவில்லை.

வயிற்றுப் புண்ணுக்குக் காரணம் டென்ஷனும் காரமும்தான் என்று ரொம்ப காலம் சொல்லிக்கொண்டிருந்தோம். ஹெலிகோபாக்டர் பைலோரி என்கிற கிருமி பெரிய காரணம் என்று காட்ட, பேரி மார்ஷல் 1984ல் அந்தக் கிருமியைத் தானே குடித்தார். 2005ல் அவருக்கும் ராபின் வாரனுக்கும் நோபல் பரிசு. ஓஆர்எஸ் கரைசலின் அளவுகூட 2002ல் மாற்றப்பட்டது. உப்பையும் குளுக்கோஸையும் குறைத்தால் இன்னும் நல்லது என்று எண்ணிப் பார்த்துத் தெரிந்துகொண்டதால்.

வரலாறு எனக்குச் சொல்லித்தந்தது இதுதான். இன்றைக்கு இருப்பதில் நன்றாகச் சோதிக்கப்பட்டதைத் தைரியமாகச் செய். ஆனால் நாளைக்கு உன் பேரப்பிள்ளைகள் அதில் ஒன்றைப் பார்த்துச் சிரிக்கலாம் என்பதையும் மனசில் வை. எந்த ஒன்று என்று இன்றைக்குத் தெரியாது. அந்தத் தெரியாமைதான் நோயாளி முன்னால் என் குரலைக் கொஞ்சம் தாழ்த்துகிறது.

இன்னொரு விஷயம். மருத்துவக் கல்லூரியில் நோயாளியைத் தொடுவதற்கு முன்னால் முதலில் கேட்கப்படும் கேள்வி, "ஹிஸ்டரி எடுத்தியா?" என்பதுதான். எப்போது ஆரம்பித்தது, முன்னால் வந்திருக்கிறதா, வீட்டில் யாருக்காவது இருக்கிறதா. ஹிஸ்டரி எடுக்காமல் வார்டுக்குப் போனால் புரொபசர் விரட்டிவிடுவார். ஆக, எடைக்குப் போட்டுவிட்டோம் என்று நினைத்த சப்ஜெக்டைத்தான் நான் தினமும் செய்துகொண்டிருந்திருக்கிறேன். ஆனால் நோய்க்கு மட்டும் ஹிஸ்டரி எடுத்தேன். அந்த மனுஷி ஏன் அப்படி நினைக்கிறார் என்பதற்கு எடுக்கவில்லை.

இப்போது எடுக்கிறேன். "பச்ச உடம்புக்காரிக்குத் தண்ணி நிறைய குடுக்கக் கூடாது", "காய்ச்சல்னா குளிப்பாட்டக் கூடாது" என்று யாராவது சொன்னால், "யார் சொன்னாங்க? எப்ப சொன்னாங்க? அப்ப என்ன ஆச்சு?" என்று கேட்கிறேன். இரண்டு நிமிஷம் கூட ஆகும். பல நேரம் அந்தப் பதிலுக்குள் ஒரு பழைய டாக்டர் இருக்கிறார். சில நேரம் ஒரு இழப்பு இருக்கிறது. அது வெளியே வந்த பிறகு நான் சொல்வதை அவர்கள் கேட்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். மருமகள் சண்டைக்குத் தயாராக உட்கார்ந்திருந்தாள். நான் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. இந்தக் கதையை மட்டும் சொன்னேன். முழுசாகக் கேட்டாள். கண் கலங்கியிருந்தது. பிறகு ஒரு கேள்வி கேட்டாள்.

"மாமா, அந்தப் பையன் பேரு என்ன?"

எனக்குத் தெரியாது. நான் கேட்கவே இல்லை. வருஷத்தைக் கணக்குப் போட்டேன், கரைசல் அளவைச் சொன்னேன், மன்னிப்பும் கேட்டேன். பேரைக் கேட்கவில்லை. எனக்குத் தோன்றவில்லை. இவளுக்குத் தோன்றியிருக்கிறது.

கிளம்பும்போது அக்காவிடம் சொல்லிவிட்டேன்: "அவ கேக்குற குரூப்பையே எடுக்கட்டும்."

"உன்னைய நம்பி ஒரு வேலையக் குடுத்தேன் பாரு" என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் மறுநாள் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டாளாம்.

வழக்கம்போல, டாக்டராகச் சில வார்த்தைகள்:

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் தாய்ப்பாலையோ சாப்பாட்டையோ நிறுத்த வேண்டாம்.

ஓஆர்எஸ் பெரிய பாக்கெட் என்றால் ஒரு பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர், கொதித்து ஆறிய தண்ணீர். சின்ன பாக்கெட்டும் வருகிறது, மேலே போட்டிருக்கும் அளவைப் படித்துவிட்டுக் கரையுங்கள். பாதி பாக்கெட், கால் பாக்கெட் என்று கரைக்காதீர்கள். கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்துங்கள்.

இரண்டு வயதுக்குக் கீழே என்றால் ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மில்லி. அதற்கு மேலே என்றால் 100 முதல் 200 மில்லி. ஸ்பூன் ஸ்பூனாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் விட்டு மறுபடி மெதுவாக. டப்பாவில் வரும் இனிப்புப் பானங்கள் இதற்கு மாற்று அல்ல.

கூடவே டாக்டர் சொல்லும் அளவில் துத்தநாக மருந்து 14 நாள்.

சோர்ந்து மயங்கினால், கண் உள்ளே போனால், ஒண்ணுக்குப் போகாவிட்டால், மலத்தில் ரத்தம் வந்தால், குடிப்பதெல்லாம் வாந்தியானால், உடனே ஆஸ்பத்திரி.

அப்புறம், வீட்டில் பெரியவர்கள் "இதைக் கொடுக்காதே" என்று தடுத்தால் சண்டை போடாதீர்கள். முதலில் பக்கத்தில் உட்கார்ந்து, யார் சொன்னாங்கன்னு கேளுங்கள். அவர்கள் சொல்லும் பேர்களையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.